முள்மரத்தில் ஒரு கைத்தடி

செஞ்சியிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் திருவண்ணாமலை. அந்த மலையில் ரமண மகரிஷி கையால் செய்த ஒரு கோலைப் பற்றி அவருடைய உரையாடல் தொகுப்பில் குறிப்பு இருக்கிறது. 1935 முதல் 1939 வரை ஆசிரமத்தில் நடந்த பேச்சுகளை முனகால வெங்கடராமையா எழுதி வைத்த நூல் அது. வேலூர் ஊரிசு கல்லூரியில் தெலுங்கு பண்டிதராக இருந்த ரங்காச்சாரி, பலன் கருதாத செயல் என்றால் என்ன என்று கேட்கிறார். பதில் வரவில்லை. பிறகு எல்லோரும் மலையில் நடக்கிறார்கள். வழியில் கிடந்த முள்கம்பு ஒன்றை மகரிஷி எடுத்துக்கொண்டு உட்காருகிறார். முட்களைச் சீவுகிறார், கணுக்களை மழிக்கிறார், சொரசொரப்பான ஓர் இலையால் கம்பு முழுவதையும் தேய்த்து வழவழப்பாக்குகிறார். ஏறத்தாழ ஆறு மணி நேர வேலை. கிளம்பிப் போகும்போது ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் எதிரே வருகிறான். தன் கோலைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தவன். புதுக் கோல் அவன் கைக்குப் போய்விடுகிறது.

தம் கேள்விக்கு இதுவே பதில் என்று பண்டிதர் சொன்னாராம். நமக்கு அதே கம்பைப் பற்றி வேறு கேள்விகள் உண்டு. தரையில் காய்ந்து கிடந்த கம்பு ஏன் வேலைக்கு வாகாக இருந்தது? அதையே பச்சையாக வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓர் இலை எப்படி மரத்தைத் தேய்க்கும்? நல்ல கைத்தடியின் தரத்தில் பெரும்பங்கு, கத்தி படுவதற்கு முன்பே, கிளை வளர்ந்த விதத்திலும் உலர்ந்த விதத்திலும் தீர்மானமாகிவிடுகிறது. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

செஞ்சிக்காரர்களுக்குக் கைத்தடியின் தேவையை விளக்க வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடும் கோட்டை மதில் சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரியின் உச்சி 240 மீட்டர் அளவு உயரம். கோட்டையின் தொடக்கத்தை ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவரோடு சேர்த்துச் சொல்வது இவ்வூர் மரபு. ஆட்டுக்காரர்கள் கோல் ஊன்றி ஏறிய பாறை என்று அந்த மரபை எடுத்துக்கொள்ளலாம். 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். வருகிறவர்கள் இனிக் கூடுவார்கள். படிகளோ ஒரே உயரத்தில் இல்லை, தேய்ந்த இடங்களில் கருங்கல் வழுக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வாங்கும். சரிவில் இறங்குகையில் இரு கைகளிலும் கோல் ஊன்றினால் முழங்கால் மூட்டில் விழும் விசை 12 முதல் 25 விழுக்காடு வரை குறைவதாக 1999இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு ஒன்று அளந்து சொன்னது.

சரி, எந்த மரம்?

தாவரவியலில் கடினமரம் என்பது கையால் அழுத்திப் பார்த்துச் சொல்வது அல்ல. பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்கள் எல்லாமே கடினமரங்கள். அந்த வகையில் முருங்கையும் கடினமரம்தான், ஆனால் முருங்கைக் கிளையை நம்பி யாரும் நடக்க மாட்டார்கள். கைத்தடிக்கு வேண்டியது அடர்த்தி. மரத்தின் உடம்பு பெரும்பாலும் நீளவாக்கில் அமைந்த நார்ச்செல்கள். அவற்றுக்கு நடுநடுவே தண்ணீர் ஏறும் குழல்கள். நார்ச்செல்லின் சுவர் தடித்து உள்ளே வெற்றிடம் குறையக் குறைய மரம் கனக்கிறது, வலுக்கிறது. தேக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.65 கிராம் அளவில் இருக்கும். உலக்கைப்பாலையும் கருங்காலியும் தண்ணீரில் போட்டால் மூழ்கும்.

செஞ்சிக் குன்றுகளைச் சுற்றி இருப்பவை முட்புதரும், வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சங்களும். உசில் (திருவண்ணாமலைப் பக்கம் துரிஞ்சி), ஆத்தி, வெப்பாலை, வெள்வேல், காசான் போன்றவை இந்த வகைக் காட்டுக்கு உரியவை. பாறை இடுக்கில் வேர்விட்டு, சில மாத மழையை நம்பி வளர்பவை. பெருவிரல் தடிமனுக்கு ஒரு கிளை வர ஆண்டுகள் ஆகும். அப்படி மெல்ல வளர்ந்த காசான் கிளையில் அருமையான கைத்தடி வரும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அதை வெட்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காப்புக்காட்டில் கிளை ஒடிப்பது சட்டப்படி குற்றம். கோட்டை வளாகம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நூறாண்டுகளாக விறகுக்கும் மேய்ச்சலுக்கும் ஈடுகொடுத்து மிஞ்சி நிற்கிற ஒரு சிறு காட்டிலிருந்து நம் நடைக்காக ஒரு கிளையைக் குறைப்பது நியாயமாகாது.

அதற்கு மாற்றாக ஒரு மரம் ஏரிக்கரை தோறும் நிற்கிறது, யாரும் நட்டு வளர்க்காமலே. வேலிகாத்தான் என்றும் சீமைக்கருவேலம் என்றும் நாம் திட்டித் தீர்க்கிற அதே மரம். அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் ஊன்றினார்கள். அதற்கு முயற்சி எடுத்தவர் வனக் காப்பாளர் பெடோம். வறண்ட நிலத்துக்கு விறகு கிடைக்கட்டும் என்பது நோக்கம். விறகு கிடைத்தது, கூடவே ஏரியும் குளமும் மேய்ச்சல் நிலமும் பறிபோயின. இதை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அயல் தாவரங்களை அகற்றித் தமிழ்நிலத்தை மீட்க 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. வெட்டினால் மகிழ்ச்சி அடைவதற்கு ஊர் முழுக்க ஆளிருக்கும் மரம் இது ஒன்றுதான். பட்டா நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், கூடவே கொடுவாளும் கொடுத்து அனுப்புவார்.

வெறுப்பு ஒருபுறம் இருக்கட்டும், மரவேலை செய்கிறவன் கண்ணுக்கு இது முதல் தர மரம். இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட்டை அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தச்சர்கள் தேடி வாங்கி மேசை நாற்காலி செய்கிறார்கள். காரணம் அதன் சுருக்கம். பச்சை மரம் முழுக்க உலரும்போது மெஸ்கீட் ஆர வாக்கில் சுமார் 2 விழுக்காடும் சுற்று வாக்கில் சுமார் 3 விழுக்காடும்தான் சுருங்குகிறது. புகழ்பெற்ற வெள்ளை ஓக் மரத்துக்கு இந்த எண்கள் 5.6, 10.5. இந்த வேறுபாடு கைத்தடி செய்பவருக்கு எவ்வளவு பெரியது என்பது உலர்த்தும் கட்டத்தில் விளங்கும்.

மரம் முடிவானதும் கிளையைத் தேட வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கிளை என்பது அடிமரத்தின் சிறிய வடிவம் அல்ல. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தன் எடையைத் தானே தாங்குவதால், கடினமரங்களின் கிளைகள் மேல்பக்கத்தில் இழுவிசை மரம் என்ற தனி வகைத் திசுவை வளர்க்கின்றன. அதன் நார்ச்செல்களுக்குள் செல்லுலோஸ் மிகுந்த ஓர் உள்ளடுக்கு இருக்கும். அது இறுகி இழுத்துப் பிடிப்பதால்தான் கிளை தொங்கிப் போகாமல் நிற்கிறது. உயிரோடு இருக்கும்வரை மரத்துக்கு அது பெரும் உதவி. வெட்டி உலர்த்தினால் நமக்குத் தொல்லை. சாதாரண மரம் நீளவாக்கில் 0.1, 0.2 விழுக்காடுதான் சுருங்கும். இழுவிசை மரம் 1 விழுக்காடு வரைகூடச் சுருங்கும்.

இது சிறிய எண்ணாகத் தெரியலாம். 90 சென்டிமீட்டர் நீளமும் 2.5 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கம்பில் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட அரை விழுக்காடு அதிகம் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் கம்பின் நடுப்பகுதி 2 சென்டிமீட்டர் வளைந்து நிற்கும். வெட்டும்போது நேராக இருந்த கிளை ஆறு மாதத்தில் வில்லாகிப் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கிளையைக் குறுக்கே வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவே புள்ளியாகத் தெரியும் சோறு சரியாக மையத்தில் இருந்தால் நல்லது. ஒரு பக்கமாக ஒதுங்கி, எதிர்ப்பக்கம் மரம் அதிகம் திரண்டிருந்தால் அந்தக் கிளை சாய்ந்து வளர்ந்தது. ரம்பம் பட்ட இடத்தில் வெட்டு வழவழப்பாக இல்லாமல் பிசிர் பிசிராக நார் எழும்பினால் அதுவும் இழுவிசை மரத்தின் அடையாளம்.

எனவே தேட வேண்டியது கிளையை அல்ல, போத்தை. வேலிகாத்தானை வெட்டிப்போட்ட இடங்களில் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்த்து, வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு நெட்டுக்குத்தாக எழும் கொம்புகள் அவை. செங்குத்தாக வளர்வதால் இழுவிசை மரம் குறைவு, கணுக்களுக்கு இடையே தூரமும் அதிகம். கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்ததாக, 3 சென்டிமீட்டர் அளவில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடிக்கு வளைவு வேண்டுமென்றால் கவட்டையோடு சேர்த்தோ, கட்டையோடு ஒட்டியிருக்கும் குமிழோடு சேர்த்தோ வெட்டலாம். கவட்டை பலவீனமான இடம் என்பது பொதுவான நினைப்பு. பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டங்கன் ஸ்லேட்டரும் ரோலண்ட் என்னோஸும் ஹேசல் மரக் கவட்டைகளை இழுத்துப் பிளந்து பார்த்தார்கள். கவட்டையின் நடுவில் நார்கள் ஒன்றோடொன்று பின்னி, சுற்றியுள்ள மரத்தைவிட அடர்ந்திருப்பதும் பிடிப்பில் கணிசமான பங்கு அந்த நடுப்பகுதியிடம் இருப்பதும் தெரிந்தது. மரம் தானே பின்னிவைத்த இணைப்பைவிட நல்ல இணைப்பை ஆணியும் பசையும் கொண்டு செய்ய முடியாது.

வேலிகாத்தானில் முட்கள் கணுவுக்கு இரண்டாக நிற்கும். குத்தினால் நாட்கணக்கில் வீங்கி வலிக்கும். தடித்த கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இறங்காதீர்கள். முள்ளையும் சிறுகிளையையும் சீவும்போது கத்தி அடியிலிருந்து நுனியை நோக்கிப் போக வேண்டும். தண்டின் நார்கள் வளைந்து சிறுகிளைக்குள் போகின்றன. மேலிருந்து கீழாக வெட்டினால் கத்தி அந்தக் கக்கத்தில் ஆப்பாக இறங்கித் தண்டையும் சேர்த்துப் பிளந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் வெட்டுவது நல்லது. சித்திரை வெயிலில் வெட்டிய பச்சைக் கம்பு, உள்ளே ஈரமும் வெளியே வறட்சியுமாக மாட்டிக்கொள்ளும். இனி வருவது இந்த வேலையின் இதயம்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, செல்களின் வெற்றிடத்தில் தேங்கியிருக்கும் நீர். இன்னொன்று, செல்சுவருக்குள்ளேயே செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவில் பிணைந்திருக்கும் நீர். முதலில் வெளியேறுவது தேங்கிய நீர். அது போகும்வரை எடை மளமளவென்று குறையும், ஆனால் கம்பின் அளவு மாறாது. ஈரப்பதம் 28 முதல் 30 விழுக்காட்டுக்கு இறங்கும்போது தேங்கிய நீர் தீர்ந்து, பிணைந்த நீர் கிளம்பத் தொடங்குகிறது. அப்போதுதான் சுருக்கம் ஆரம்பம். செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் படுத்திருப்பதால், நடுவிலிருந்த தண்ணீர் போனதும் அவை பக்கவாட்டில் நெருங்குகின்றன. ஆகவே கம்பு நீளத்தில் குறையாமல் தடிமனில் குறைகிறது. பக்கவாட்டிலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகக் குறைவதில்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்த்திசு ஆர வாக்கில் முட்டுக்கொடுத்து நிற்பதால் அந்தத் திசையில் சுருக்கம் குறைவு. சுற்று வாக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

விளைவைப் பாருங்கள். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கம்பின் சுற்றளவு 9.4 சென்டிமீட்டர். ஆர வாக்கில் 4 விழுக்காடும் சுற்று வாக்கில் 8 விழுக்காடும் சுருங்கும் மரம் என்று கொள்வோம். சுற்றளவு 8 விழுக்காடு குறைய விரும்புகிறது, ஆரமோ 4 விழுக்காடுதான் இடம் கொடுக்கிறது. மிச்சம் 4 விழுக்காடு, அதாவது கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர், எங்கிருந்தோ வந்தாக வேண்டும். மரம் நெகிழ்ந்து கொடுத்தால் தப்பித்தது. இல்லையென்றால் பட்டையிலிருந்து சோறு வரைக்கும் ஒரு விரிசல். மெஸ்கீட் மரத்துக்கு இந்த மிச்சம் 1 விழுக்காடு அளவில்தான், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். வேலிகாத்தானைப் பரிந்துரைப்பதற்கு இந்த எண்ணே எனக்குப் போதும்.

பெரிய கட்டைகள் பிளக்கும்போது மெல்லிய கம்புகள் பிளக்காமல் தப்புவதற்கும் காரணம் உண்டு. விரிசல் விடுவதற்கு ஆற்றல் வேண்டும், அந்த ஆற்றல் மரத்தில் இறுகி நிற்கும் தகைவிலிருந்து கிடைக்கிறது. சேமித்த ஆற்றல் கனஅளவைப் பொறுத்தது, விரிசலுக்கு வேண்டிய ஆற்றல் பரப்பைப் பொறுத்தது. பொருள் சிறிதாகும்போது பரப்பைவிடக் கனஅளவு வேகமாகக் குறைவதால், சிறிய கம்பில் விரிசலை ஓட்டுவதற்குச் சரக்கு பற்றுவதில்லை. விரிசலை ஆற்றல் கணக்காகப் பார்க்கும் இந்த முறையை 1921இல் ஆங்கிலப் பொறியாளர் கிரிஃபித் கண்ணாடியை வைத்து நிறுவினார்.

அடுத்து வெட்டுமுனைகள். தண்ணீர் நீளவாக்கில் குழல்கள் வழியே ஓடுவது, குறுக்கே செல்சுவர்களைக் கடந்து கசிவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமானது. அதனால் இரு முனைகளும் முந்திக்கொண்டு உலர்ந்து வெடிக்கின்றன. வெட்டிய அன்றைக்கே முனைகளை உருக்கிய மெழுகாலோ பழைய பெயின்டாலோ, எதுவும் இல்லையென்றால் சாணியும் களிமண்ணும் குழைத்தோ மூடிவிடுங்கள். வேண்டிய நீளத்தைவிட இரு பக்கமும் 10 சென்டிமீட்டராவது கூட வைத்து வெட்டினால், வெடித்த பகுதியைப் பிறகு அறுத்துத் தள்ளலாம். பட்டையை உரிக்க அவசரப்படாதீர்கள், அது ஆவியாதலை மட்டுப்படுத்துகிறது. நான்கைந்து கம்புகளை ஒரு நேரான மூங்கிலோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, வெயில் படாமல் காற்றோட்டமுள்ள தாழ்வாரத்து உத்தரத்தில் மாட்டிவையுங்கள்.

எவ்வளவு காலம்? ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது உலகமெங்கும் தச்சர்கள் சொல்லும் கணக்கு. விழுப்புரம் மாவட்ட வெயிலில் அதைவிடச் சீக்கிரம் ஆகலாம். ஊகிப்பதைவிடத் தராசு மேல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை போட்டுக் கம்பிலேயே பென்சிலால் குறித்து வையுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை எடை மாறாமல் நின்றால் கம்பு சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது.

இதற்கிடையில் உளுத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. கம்பின் அடியில் மாவு கொட்டிக்கிடந்தால் உள்ளே பொடிவண்டின் புழு தின்றுகொண்டிருக்கிறது. மரத்திலுள்ள மாவுச்சத்துதான் அதன் உணவு. மாவுச்சத்து இருப்பது பட்டையை ஒட்டிய வெளிமரத்தில். இளம் போத்து முழுவதுமே ஏறக்குறைய வெளிமரம் என்பதால் கைத்தடிக்கு இந்த ஆபத்து கூடுதல். மூங்கிலை வெட்டிக் குளத்தில் வாரக்கணக்கில் ஊறப்போடும் பழைய வழக்கம் இதற்கு நல்ல மருந்து. சர்க்கரை கரைந்து போகிறது, மாவுச்சத்தை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. நாற்றம் அடிக்கும்தான், ஆனால் எந்த ரசாயனமும் வேண்டாம். வேலிகாத்தான் போத்துக்கும், உலர்த்த மாட்டுவதற்கு முன், இதையே செய்யலாம்.

ஊறி எடுத்த கம்பில் சிறு வளைவு இருந்தால் அதை நிமிர்த்த அதுவே நேரம். சிலம்பக் கம்பைத் தணலில் வாட்டி நிமிர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருள், ஈரமாக இருக்கும்போது கொதிநிலைக்கு அருகே சூடேறினால் இளகிவிடும். காய்ந்த மரத்தில் அது இளக இன்னும் மிக அதிக வெப்பம் வேண்டும், அதற்குள் மரம் கருகிவிடும். எனவே ஈரத்தோடு, சுடர் படாமல், தணலுக்கு மேலே உருட்டி உருட்டி வாட்ட வேண்டும். கை பொறுக்காத சூடு ஏறியதும் முழங்காலில் சாக்கு மடித்துப் போட்டு, வளைவின் எதிர்த்திசையில் சற்றுக் கூடுதலாகவே அழுத்திப் பிடித்து, முழுக்க ஆறும்வரை விடாமல் இருக்க வேண்டும். ஆறுவதற்குள் விட்டால் பழைய வளைவு திரும்பும். கைப்பிடியை வளைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளகிய மரம் அமுக்கினால் கால்பங்கு வரை கூடச் சுருங்கிக் கொடுக்கும், இழுத்தால் ஓரிரு விழுக்காடுதான் நீளும். ஆகவே வளைவின் வெளிப்பக்கம்தான் பிளக்கும். வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டை ஒன்றை முனையோடு முனை இறுக்கி வளைப்பதே தீர்வு. 1859இல் வியன்னாவின் மைக்கேல் தோனே தம் புகழ்பெற்ற 14ஆம் எண் நாற்காலியை உருவாக்கியது இந்த உத்தியால்தான்.

உலர்ந்த கம்பின் பட்டையைச் சுரண்டி, கணுக்களை அரத்தால் மழித்த பிறகு மெருகேற்றும் வேலை. தச்சர்கள் உப்புத்தாளுக்கு முன் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார்கள். அதன் விளிம்பு எந்த உளியையும்விடக் கூர்மை, சுருள் சுருளாக மெல்லிய சீவல் வரும். இலை மெருகுக்கு வருவோம். இந்தப் பகுதிக் காடுகளில் சொரசொரப்பான இலை என்றதும் நினைவுக்கு வருவது பிராய். தந்தத்தையும் மரத்தையும் மெருகேற்ற ஆசியாவின் பல நாடுகளில் பயன்பட்ட இலை அது. ஒரு பிராய் இலையை விரலால் நுனியிலிருந்து காம்பை நோக்கி நீவிப் பாருங்கள், தடுக்கும். மேற்பரப்பில் குட்டையான விறைத்த மயிர்கள். அவற்றின் சுவர்களில் மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய தாதுக்கள், சிலிக்காவும் சுண்ணச் சேர்மமும், படிந்து கெட்டிப்பட்டிருக்கின்றன. புழுபூச்சியும் ஆடும் மெல்லாமல் இருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு. சிலிக்கா மணலின் பொருள், மரநாரைவிடப் பல மடங்கு கடினம். ஆக இலை அறுக்கவில்லை, அதில் பதிந்த தாது அறுக்கிறது. உப்புத்தாளின் தத்துவமும் இதுவே.

மெருகு முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து உலரவிட்டால் அமுங்கிக்கிடந்த நார்கள் எழுந்து நிற்கும். மறுபடி தேய்த்தால் அதன்பின் மழையில் நனைந்தாலும் சொரசொரக்காது.

எண்ணெய் விஷயத்தில் வீட்டில் இருப்பதைப் பூசிவிடுகிறோம். எல்லா எண்ணெயும் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வலைபோல் பின்னிக் கெட்டிப்படும் எண்ணெய்தான் மரத்துக்கு மேல்பூச்சாகும். அதற்கு இரட்டைப் பிணைப்புகள் நிறைய வேண்டும். அவற்றை அளக்கும் அயோடின் எண் ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120, தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 11. தேங்காய் எண்ணெய் பூசிய தடி எத்தனை நாளானாலும் பிசுபிசுக்கும், தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, துடைத்து, சில நாள் விட்டு மறுபடி பூசுங்கள். பூசிய துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆக்சிஜனோடு சேரும்போது வெளிப்படும் வெப்பம் உள்ளே தேங்கித் தானாகத் தீப்பிடித்த விபத்துகள் உண்டு. விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் மரத்தைப் பூச்சியிடமிருந்து காக்கும், நன்றாகக் கெட்டிப்படும். ஆனால் அது தோலைப் பொசுக்கும், ஆகவே கை பிடிக்கிற பொருளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடிமுனையில் பூண் போட்டு, அதன்மேல் ரப்பர் புஷ் மாட்ட வேண்டும். பூண் இல்லாவிட்டால் நார்கள் விரிந்து முனை பிரியும், அந்த வழியே தண்ணீரும் ஏறும். வெறும் இரும்பு முனை மண்தரைக்கு நல்லது, தேய்ந்த கருங்கல் படியில் வழுக்கும்.

இனித் தடிமனும் நீளமும். நேரான தூண் எவ்வளவு எடையில் நெளிந்து முறியும் என்ற கணக்கை 1744இல் ஆய்லர் போட்டார். தாங்கும் எடை தடிமனின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது, நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. ஓரளவு நல்ல கடினமரத்தில், 90 சென்டிமீட்டர் நீளத்தில், 2.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள நேரான கம்பு சுமார் 230 கிலோ எடைவரை நெளியாமல் நிற்கும். 2 சென்டிமீட்டர் என்றால் 95 கிலோ. 1.5 சென்டிமீட்டர் என்றால் வெறும் 30 கிலோ. ஒரு சென்டிமீட்டர் குறைத்ததில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். அழகுக்காக நடுப்பகுதியைச் சீவி ஒல்லியாக்காதீர்கள். நெளிவின் சுமை அதிகம் விழுவது அங்கேதான்.

வீட்டுக்குள்ளும் தெருவிலும் ஊன்றும் தடிக்கு உயரம் மணிக்கட்டு அளவு. வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு வரும் இடத்தில் தடியின் தலை இருக்க வேண்டும். ஊன்றும்போது முழங்கை 20 முதல் 30 பாகை மடங்கியிருக்கும். மலைக்கு என்றால் நெஞ்சளவு நீளம் நல்லது.

எந்தக் கையில் பிடிப்பது? வலி உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். நம் வீடுகளில் பெரும்பாலும் வலிக்கும் கால் பக்கமே ஊன்றுகிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பு மூட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும். 60 கிலோ எடையுள்ளவர் வலது காலை ஊன்றுகிறார். அந்தக் கால் போக மீதி 50 கிலோ, மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி உடலின் நடுவே கீழே இழுக்கிறது. அதைச் சமன்செய்யும் இடுப்புத் தசை மூட்டுக்கு 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். மூட்டின்மேல் விழுவது இரண்டும் சேர்ந்து 150 கிலோ. இப்போது இடது கை, மூட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி, தடியை வெறும் 5 கிலோ விசையில் அழுத்தட்டும். தசையின் வேலை பாதியாகிறது. மூட்டின் சுமை 95 கிலோவுக்கு இறங்குகிறது. உடம்பு இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப்படி நடப்பதில்லை, உண்மையில் கிடைக்கும் குறைப்பு இதைவிடச் சிறியது. ஆனால் திசை இதுதான். ஜெர்மானிய எலும்பு மருத்துவர் பாவெல்ஸ் 1930களில் இந்த நெம்புகோல் கணக்கைத் தெளிவாக்கினார். 1956இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் பிளவுன்ட், கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். வலிக்கும் பக்கமே ஊன்றினால் அந்த 50 சென்டிமீட்டர் நெம்புகோல் கையை விட்டுப் போய்விடுகிறது.

உங்கள் வீட்டில் தடி ஊன்றி நடக்கும் பெரியவர் இருந்தால் இன்றைக்கே அவரை நிற்கவைத்து மணிக்கட்டு உயரத்தைப் பாருங்கள். தடி நீளமாக இருந்தால் அடியில் அறுத்துவிடுங்கள், குட்டையாக இருந்தால் வேறு கொடுங்கள். எந்தக் கையில் பிடிக்கிறார் என்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள். ரப்பர் புஷ்ஷின் வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், அதன் விலை சொற்பம்தான். புதுத் தடி செய்து கொடுக்க மனமிருந்தால், ஏரிக்கரையில் வேலிகாத்தான் வெட்டும் நாளில் போய்க் கேளுங்கள். தை மாதம் வெட்டிய போத்து அடுத்த ஆண்டு தைக்குள் கையில் ஊன்றத் தயாராகிவிடும்.